காற்பங்கும் நாற்பது விழுக்காடும்

நன்னூலின் பொதுப்பாயிரம் பாடஞ்சொல்லும் முறையோடு அமையாது, பாடங்கேட்கும் முறையையும் வகுத்துரைக்கின்றது. ஒரு நூலை இருமுறை கேட்போன் பிழை நீங்குவன். மும்முறை கேட்போன் முறையறிந்து உரைப்பன். எனினும் ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டவனும் புலமையிற் காற்பங்கே பெறுவன். உடன்பயில்வாரோடு பழகி ஒரு காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்து எஞ்சிய அரைப்பங்கும் எய்துவன் என்பது பவணந்தியார் கணக்கு.

2021 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு கலப்புக் கற்றல் பற்றிய கருத்துக்குறிப்பொன்றை வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியிலும், எஞ்சியதை வகுப்பிலும் நடத்தலாம் என்பது அதன் பரிந்துரை. அக்குறிப்பு கற்பித்தலின் பல கூறுகளையும் பேசுகின்றது. ஆயினும் கால அட்டவணை வகுப்போர் கையில் இறுதியில் தங்குவது அவ்வெண் ஒன்றே. எத்துணைப் பங்கு என வினவுமுன் எப்பங்கு என வினவுதல் வேண்டும் அன்றோ?

குமரகுருபரர் திருச்செந்தூரிற் பாடியதாக மரபு கூறும் கந்தர் கலிவெண்பாவை எடுத்துக்கொள்வோம். வெண்டளை பிறழாது தொடர்ந்தோடும் அந்நெடும்பாட்டில், சீர் பிரிப்பதிலும் சந்தி பிரிப்பதிலும் மாணவர் இடர்ப்படுதல் இயல்பு. வகுப்பில் ஆசிரியர் ஒருமுறை படிப்பார், மிகின் இருமுறை. ஒலிப்பதிவோ வேண்டிய இடத்தில் நிறுத்தி, மும்முறையன்று முப்பது முறையும் கேட்க இடந்தரும். இவ்வகையில் இணையம் நன்னூலாருக்கு மாறானதன்று. அவர் விரும்பிய கேள்வியை எளிதாக்கும் கருவியே.

ஆறு அத்துவாக்களை இறைவன் திருமேனியின் உறுப்புகளாக உருவகிக்கும் பகுதிக்கு வந்தால் நிலை வேறு. மாணவர்க்குச் சித்தாந்தப் பயிற்சி எவ்வளவு உண்டு, எச்சொல்லில் அவர் மயங்கி நிற்கின்றார் என்பதை முகம் நோக்கியே அறிதல் கூடும். கொள்வோன் கொள்வகை அறிதலை ஆசிரியர்க்கு விதித்த நூல் இதனையே கருதிற்று போலும்.

உரையாடலும் இணையத்தில் இயலாதோ எனின், இயலும். ஆளுக்கொரு கருவியும் தடையற்ற அலைவரிசையும் உள்ளவர்க்கு. மணப்பாட்டிலிருந்தோ உடன்குடியிலிருந்தோ வரும் மாணவர் வீட்டில் ஒரு கைப்பேசியே இருக்குமாயின், பதிவை இரவிற் கேட்டல் இயலும். குறித்த வேளையில் வாதிட்டுப் பேசுதல் அரிது. 2020இல் பெருந்தொற்றால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது பெரும்பாலும் ஆசிரியர் குரல் மட்டுமே வீடு சென்றது. அஃதாவது, காற்பங்கு சென்றது.

ஆதலின் மூலம் படித்தலும் பதவுரையும் முன்னரே பதிவாகச் சென்றுவிடுதல் தகும் என்பது எம் துணிபு. வகுப்பு மணி வினாவுதற்கும் விடுத்தற்கும் உரியதாகுக. மாணவர் ஒருவர் எழுந்து அத்துவாப் பகுதியை மற்றவர்க்கு விரித்துரைக்க, ஆசிரியர் இறுதியிற் பேசுக. இவ்வரைப்பங்கிற்கு நம் தேர்வுமுறையில் மதிப்பெண் எங்கே வைப்பது என்பதைப் பாடத்திட்டக் குழுவினர் ஆய்க.