மட்டும் மரியாதையும்

தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் ‘மட்டுறுத்தல்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. பிறர் எழுதியதைப் படித்து, எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் வேலைக்கு அந்தப் பெயர். மட்டு என்றால் அளவு, எல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ‘மட்டு மரியாதை தெரியாதவள்’ என்ற வசவுதான் நினைவுக்கு வரும். கேள்வி கேட்ட பெண்களுக்கெல்லாம் கிடைத்த பட்டம் அது, எனக்கும் கிடைத்திருக்கிறது. அப்பட்டம் வாங்கியவள் கையிலேயே பிறரை மட்டுறுத்தும் வேலை வந்து சேர்ந்தது.

கவிதை வாசிப்புக்காகத் தோழிகள் மூவர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். விதிகளே வேண்டாம் என்பது எங்கள் முதல் முடிவு. விதிகளால்தானே இத்தனை காலம் அடைபட்டுக் கிடந்தோம் என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம். மூன்றே மாதத்தில் ஐந்தாறு ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எனக்குத் தனியே எழுதினார்கள்: “அங்கே எழுதக் கூச்சமா இருக்கு அக்கா.”

அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970இல் பேச்சாக நிகழ்த்திப் பின்னர் கட்டுரையாக்கிய ‘கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை’யை அப்போதுதான் மறுபடி எடுத்துப் படித்தேன். தலைமை வேண்டாம், அமைப்பு வேண்டாம் என்றிருந்த பெண் விடுதலைக் குழுக்களைப் பற்றியது அது. கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது என்கிறார் ஃப்ரீமன். விதி எழுதப்படாத இடத்தில் நட்பு வட்டங்கள் ஆள்கின்றன. எப்படி ஆள்கின்றன என்பது வெளியே நிற்பவளுக்குத் தெரியாது. வகுப்பில் பல முறை நடத்திய கட்டுரைதான். என் குழுவுக்கு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

அதனோடு சேர்த்து வாசிக்க வேண்டியது, 1993 டிசம்பரில் ‘தி வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் ஜூலியன் டிபெல் எழுதிய ‘எ ரேப் இன் சைபர்ஸ்பேஸ்’. லாம்ப்டாமூ என்பது முழுக்க எழுத்தாலேயே ஆன ஓர் இணைய உலகம். அங்கே ஒருவன், பிறருடைய பாத்திரங்கள் தாங்களே பாலியல் செயல்களில் ஈடுபடுவதுபோல, எல்லோர் பார்வைக்கும் வரிவரியாக எழுதிக் காட்டினான். பாதிக்கப்பட்ட பாத்திரம் ஒன்றின் பின்னால் இருந்த பெண், நடந்ததைப் பற்றி எழுதியபோது உண்மையிலேயே அழுதார் என்று டிபெல் பதிவு செய்கிறார். உடல் இல்லாத இடத்தில் நடந்ததை வல்லுறவு என்று சொல்லலாமா என்பதே இந்தக் கட்டுரையை ஒட்டிப் பெரிதும் எழும் விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த உலகின் சாவியைக் கையில் வைத்திருந்தவர்களை ‘மந்திரவாதிகள்’ என்பார்கள். இனி உங்கள் சமூக விவகாரங்களில் தலையிட மாட்டோம், தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் முன்பே அறிவித்துவிட்டிருந்தார்கள். மாமியார் மருமகள் சண்டையில் செய்தித்தாளுக்குள் முகம் புதைத்துக்கொள்ளும் வீட்டு ஆண்களை நாம் அறிவோம். ஒதுங்கியிருப்பதுபோலத் தெரியும், வலுத்தவர் பக்கம்தான் அவர்கள் நிற்பது.

லாம்ப்டாமூவாசிகள் கூடிப் பேசினார்கள், முடிவு வரவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தனியாகவே அவனை நீக்கினார். அவன் வேறு பெயரில் திரும்பி வந்தான். பிறகு மனுக்களும் வாக்கெடுப்பும் வந்தன. ஒதுங்கியிருத்தல் சாத்தியமில்லை என்று 1996இல் மந்திரவாதிகளே ஒப்புக்கொண்டார்கள்.

டிபெலின் கட்டுரை ஒரு பெரிய சம்பவத்தைச் சுற்றி நடக்கிறது. அன்றாடம் அதில் குறைவு. மட்டுறுத்தலோ பெரும்பாலும் அன்றாட வேலை. வாசல் பெருக்குவது மாதிரி. செய்தால் கண்ணில் படாது, ஒரு நாள் விட்டால் ஊருக்கே தெரியும். சமூக ஊடக நிறுவனங்களுக்காக மணிலாவில் அமர்ந்து நாள் முழுதும் வன்முறைக் காட்சிகளைப் பார்த்து நீக்கும் தொழிலாளர்களைப் பற்றி 2018இல் ‘தி கிளீனர்ஸ்’ என்ற ஆவணப்படம் வந்தது. அவர்களைத் துப்புரவாளர்கள் என்றே அழைத்த அந்தத் தலைப்பு சரியானது. அமெரிக்காவில் இதே வேலை செய்து மனநலம் கெட்டவர்கள் தொடுத்த வழக்கில், 2020இல் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. எங்கள் மூவருக்குச் சம்பளமும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு பதினொரு மணிக்கு அந்த வேலை தொடங்கும். கிடைத்த பெயர், சர்வாதிகாரி.

இதுவரை சொன்னதில் நான் பாதிக்கப்பட்டவள். இனிச் சொல்வதில் அப்படி இல்லை.

ஒருநாள் மூத்த வாசகர் ஒருவர், தலித் கவிதைகளில் கோபம் உண்டு, அழகு கூடிவரவில்லை என்று எழுதினார். நல்ல தமிழ், ‘பணிவோடு’ என்ற முன்னொட்டு வேறு. இளம் கவிஞர் ஒருத்தி தன் ஊர்ப் பேச்சில், ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து, அவருக்குப் பதில் சொன்னாள். இரண்டே நிமிடத்தில் அவள் பதிலை நீக்கினேன். அவர் எழுதியது அப்படியே இருந்தது. கண்ணியம் காக்க வேண்டும் என்று குழுவில் ஒரு வரியும் போட்டேன். அவள் எதுவும் சொல்லாமல் வெளியேறினாள்.

குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது அதற்கு எதிராக நீட்டப்பட்ட அளவுகோலும் கண்ணியம்தான். பெண் தன் உடலைத் தன் சொல்லால் எழுதியதே ஆபாசமாகிப் போன கதையை ஆண்டுதோறும் மாணவிகளுக்குச் சொல்கிறவள் நான். அதே கோலை எடுத்து, என்னைவிட எளிய இடத்தில் நின்றவளை அளந்தேன். மெல்லிய குரலில் சொன்ன இழிவு விதிக்குள் அடங்கியது. உரத்த குரலில் வந்த வலி அடங்கவில்லை. சாதி மட்டு மரியாதையோடுதான் பேசும் என்பதை அன்று நான் மறந்திருந்தேன்.

இப்போது விதிகளை எழுதி வைத்திருக்கிறோம். ஒரு பதிவை, அது எதற்குப் பதிலோ அதனோடு சேர்த்தே படிக்கிறோம். இருவர் ஒப்பாமல் எதையும் நீக்குவதில்லை. காரணத்தைக் குழுவிலேயே சொல்கிறோம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பு கைமாறுகிறது. இதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. இருவர் கூடிப் பேசி முடிப்பதற்குள் காயப்பட்டவள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பல வாரம் கழித்து அவளுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லக்கா” என்றாள். சற்று நேரம் கழித்து, “அவரு எழுதுனது இன்னும் அங்கதான் இருக்கா?” என்று கேட்டாள்.

போய்ப் பார்த்தேன். இருந்தது. அதன் கீழே, அன்றைக்கே நான் எழுதியிருக்க வேண்டிய பதிலை உட்கார்ந்து எழுதினேன்.