வீழ்ந்த வானவரும் ஆட்கொள்ளப்பட்ட சூரனும்: ஓர் ஒப்பியல் நோக்கு

சிட்னி மாநகரின் ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்ட் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்குக் கந்தசஷ்டி இன்றும் முதன்மையான விரதம். ஆங்கிலமே முதன்மொழியாகிவிட்ட பிள்ளை 'சூரன் யார்?' என்று வினவும்போது, பெற்றோருக்கு எளிதில் அகப்படும் சொல் 'டெவில்' என்பதே. இது வெறும் சொற்றெரிவன்று. ஒரு சமயக் கோட்பாட்டையே உடன்கொணரும் மொழிபெயர்ப்பு. வீழ்ந்த வானவன் என்னும் உரு எவ்வாறு தோன்றியது, சூரபன்மன் அவ்வுருவோடு எவ்வளவு ஒத்தவன், எவ்விடத்தில் வேறானவன் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. குற்றஞ்சாட்டுவோன் பகைவனான வரலாறு

எபிரேய விவிலியத்தின் தொன்மையான பகுதிகளில், விண்ணிலிருந்து வீழ்ந்த பகைவன் என்னும் முழுக்கதை இல்லை. யோபு நூலில் வரும் 'சாத்தான்' இறைவனின் அவையிலேயே நிற்பவன். மூலத்தில் அது இயற்பெயரன்று, குற்றஞ்சாட்டுவோன் என்னும் பணிப்பெயர். ஏசாயா நூலின் 14ஆம் அதிகாரம் வானிலிருந்து விழுந்த விடிவெள்ளியைப் பாடுவது பாபிலோனிய அரசனை எள்ளுவதற்காகவே. அவ்விடத்து எபிரேயச் சொல் இலத்தீனில் 'லூசிபர்' எனப் பெயர்க்கப்பட்டுப் பின்னர் சாத்தானின் இயற்பெயராக நிலைத்தது. தமிழ் விவிலியம் 'விடிவெள்ளி' என்று பொருளையே பெயர்த்தமையால், அவ்வியற்பெயர் தமிழில் அவ்விடத்திலிருந்து பிறக்க வழியில்லாது போயிற்று.

வீழ்ச்சிக்கதை விரிவுபெறுவது ஏனோக்கின் நூலில். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் உருவான அதன் தொன்மையான பகுதி, 200 காவல் வானவர் மானிட மகளிரை விரும்பி எர்மோன் மலையில் இறங்கியதைச் சொல்கிறது. அங்கே வீழ்ச்சிக்குக் காரணம் காமமும் மறைபொருளை வெளியிட்டமையும். ஆதாம் ஏவாள் பற்றிய பிற்கால யூத - கிறித்தவக் கதைகளிலும் திருக்குர்ஆனிலும், ஆதாமைப் பணிய மறுத்த செருக்கே காரணமாகிறது. எனினும் திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் இபுலீசை ஜின் இனத்தவன் என்கிறது; ஆகவே அவனை வானவன் எனக் கொள்வது இசுலாமிய உரையாசிரியரிடையேயும் விவாதத்திற்குரியதாயிற்று. பலவாகிய இவ்விழைகள் கிறித்தவ மரபில் ஒன்றாக முறுக்கப்பட்டன. 3ஆம் நூற்றாண்டின் ஓரிகன் எல்லா உயிர்களும் இறுதியில் இறைவனிடம் மீளும் என்னும் கருத்துக்கு இடமளித்தார். 6ஆம் நூற்றாண்டில் அக்கருத்து கண்டிக்கப்பட்டது. ஆக, இவ்வுருவை வரையறுப்பது வீழ்ச்சி மட்டுமன்று, மீட்சியின்மையும் ஆகும்.

2. சூர் சூரபன்மனான வரலாறு

தமிழ் மரபில் நிகழ்ந்த மாற்றம் இதற்கு எதிர்த்திசையிலானது. பழந்தமிழில் 'சூர்' என்பது அச்சுறுத்தும் ஆற்றல். திருமுருகாற்றுப்படையில் சூரும் அதன் மாமரமும் அழிக்கப்படுகின்றன. மயிலாகவும் சேவலாகவும் அது மாறும் முடிவு அங்கு இல்லை. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில்தான் சூரனுக்குப் பிறப்பும் தவமும் வரமும் ஆட்சியும் கொண்ட முழு வாழ்வு அமைகிறது. அவ்வாழ்வு அருளில் நிறைவுறுகிறது.

மேலைநாட்டில் இறைவனின் அவையிலிருந்தவன் நிலையான பகைவனானான். தமிழில் அச்சுறுத்தும் பகை இறைவனின் ஊர்தியும் கொடியும் ஆயிற்று. இரண்டையும் 'டெவில்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது இவ்வேறுபாட்டை மறைக்கிறது.

மேலும், கந்தபுராணத்தில் நிலை தாழ்ந்த விண்ணவரைத் தேடின் அகப்படுவோர் அசுரரல்லர், தேவரே. இந்திரன் சீகாழியில் மறைந்து வாழ்கிறான். சயந்தன் வீரமகேந்திரத்தில் சிறையிருக்கிறான். சிவனை ஒதுக்கிய தக்கன் வேள்வியில் தேவர் பங்குகொண்ட பிழையே இத்துன்பத்தின் காரணம் எனத் தக்ககாண்டம் விளக்குகிறது. எனவே சூரனின் கொடுங்கோலும் ஒருவகையில் இறையாணையின் வழிப்பட்டதே.

3. நாணம் தடுத்த இடம்

இருவரையும் ஒப்பிடுவதற்குத் தக்க இடம் ஒன்றுண்டு. மில்தனின் 'இழந்த சொர்க்கம்' (1667) நான்காம் பகுதியில், சாத்தான் மனந்திரும்புதலை எண்ணிப் பார்க்கிறான். தன் கூட்டத்தார்முன் நேரும் நாணத்துக்கு அஞ்சிப் பின்வாங்குகிறான். கந்தபுராணத்தில் முருகனின் பேருருவைக் கண்ட சூரனின் சினம் தணிகிறது, வணங்க விழைகிறான், மானம் தடுக்கிறது. பேருரு மறைந்ததும் பகை மீள்கிறது.

இதுவரை இருவரும் ஒரே உள்ளத்தினர். அடுத்து நிகழ்வதே வேறு. மில்தனின் சாத்தான் மனந்திரும்பாமையால் நம்பிக்கைக்கு விடைகொடுக்கிறான். சூரனும் மனந்திரும்புவதில்லை, மாமரமாய்க் கடல்நடுவே நின்று இறுதிவரை எதிர்க்கிறான். ஆயினும் வேல் அவனைப் பிளந்து உருமாற்றுகிறது. அருள் அவன் இசைவுக்காகக் காத்திருக்கவில்லை. சைவர் மறக்கருணை என்பது இதனையே.

இதனை மிகைப்படுத்துதலும் தகாது. பானுகோபன் முதலிய அசுரர் போரில் மடிகின்றனர். அவர்களுக்கு மயிலும் சேவலுமான முடிவு வாய்க்கவில்லை. அருளுக்கு விதியும் விலக்கும் எவை என்ற வினாவைக் கந்தபுராணம் முற்றாகத் தீர்த்துவைக்கவில்லை.

4. சொற்களின் பொறுப்பு

தமிழ்க் கத்தோலிக்கர் வானவரைச் 'சம்மனசு' என்றும் சாத்தானைப் 'பசாசு' என்றும் வழங்கினர். பசாசு 'பிசாசு' என்பதன் திரிபு. இந்திய மரபில் பிசாசு என்றும் வானுலகில் வாழ்ந்ததில்லை. ஆகவே இருவரும் ஓரினத்தவர் என்ற உறவு தமிழ்ச்சொற்களில் புலப்படாது போயிற்று. மறுதலையாக, திருநெல்வேலி நாட்டார் வழிபாட்டைப் பற்றி கால்டுவெல் 1849இல் எழுதியபோது, அதனைப் பேய்வழிபாடு என்னும் ஆங்கிலக் கலைச்சொல்லுக்குள் அடக்கினார். அங்கே இழந்தது தமிழ்த்தெய்வங்களின் வரலாறு.

பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் இருதரப்புச் சொல்வழக்கையும் அறிந்தவர். அவர் கந்தபுராணத்தை வசனமாக எழுதியதை, சைவக்கதையைச் சைவச்சொற்களாலேயே விளங்கவைக்கும் முயற்சியாகவும் காணலாம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடன மரபும் அப்பணியையே செய்தது.

ஹோம்புஷில் ஆங்கிலத்தில் விளக்கம் கூறும் பெற்றோரும் பயன் சொல்வோரே. அவர்கள் சூரனைச் சூரன் என்றே சொல்லி, கதையை மயிலும் சேவலும் வரை கொண்டுசெல்லவேண்டும். 'டெவில்' என்ற சொல்லோடு விளக்கம் நின்றுவிடின், பிள்ளை அறிவது வென்றவனையும் தோற்றவனையும் மட்டுமே. முருகன் ஏறிவரும் மயில் யார் என்பதை அப்பிள்ளை அறியாது.