பேச்சும் ஒரு காய்நகர்த்தல்

கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை அறிந்தவர்களுக்கு 'ஷேடோரன்: ஹாங்காங்' கணினி ஆட்டத்தில் வரும் ஹெயோய் குப்பம் அந்நியமாகத் தோன்றாது. நெருக்கிக் கட்டிய படகுகள், எண்ணெய் மிதக்கும் தண்ணீர், கரையில் வேலைக்காகக் காத்து நிற்பவர்கள். கதை நடப்பது 2056இல். நகரம் பெருநிறுவனங்களின் பிடியில் இருக்கிறது. உலகுக்கு மந்திரம் திரும்பிவிட்டது. மனிதர்களோடு குள்ளர்களும் ஓர்க்குகளும் எல்ஃப்களும் வாழ்கிறார்கள். சைபர்பங்க் கதைகளில் நான் திரும்பத் திரும்பப் போய்த் தங்கும் ஊர் இதுதான்.

இந்த ஆட்டம் மக்கள் காசில் உருவானது. அப்படிக் கலை செய்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 'அக்ரஹாரத்தில் கழுதை'யைத் தமிழுக்குத் தந்த ஜான் ஆபிரகாம், ஒடேசா கூட்டமைப்பின் மூலம் ஊர் ஊராகப் பணம் திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' படத்தை எடுத்தார். வயநாட்டில் புறப்படும் அதன் பயணம் கொச்சியில் வந்து முடிகிறது. ஷேடோரன் வந்த வழியும் ஏறக்குறைய அதுவே. 1989இல் மேசையில் உட்கார்ந்து ஆடும் கதையாட்டமாக அது பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன், 2012இல் தன் ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ் நிறுவனத்தின் சார்பில் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 4 லட்சம் டாலர் கேட்டார். 36,000க்கும் மேற்பட்டவர்கள் 18 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 'ஷேடோரன் ரிட்டர்ன்ஸ்' 2013இல் வந்தது, 'டிராகன்ஃபால்' 2014இல் வந்தது. ஹாங்காங் கதைக்கு 2015 ஜனவரியில் 1 லட்சம் டாலர் கேட்டபோது 12 லட்சம் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆட்டம் கைக்கு வந்துவிட்டது.

அந்தப் பணம் எதை வாங்கித் தந்தது என்பதுதான் முக்கியம். இது ஆளுக்கொரு முறை வைத்து, யோசித்து ஆடும் ஆட்டம். பாத்திரங்கள் வாய்திறந்து பேசுவதில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் படிக்கவேண்டும். அவசரமும் ஆரவாரமும் விலைபோகும் சந்தையில் இப்படி ஒன்றுக்கு முதலீட்டாளர் கிடைப்பது கடினம். படிக்கப் பொறுமை உள்ளவர்கள் முன்பணம் கொடுத்ததால், எழுதியவர்கள் தயங்காமல் நிறைய எழுத முடிந்தது.

சண்டைகளில் மறைவிடம்தான் உயிர். எதிரியைப் பக்கவாட்டில் மடக்குவதா, தோழனுக்கு மருந்து போடுவதா, துப்பாக்கியில் குண்டு நிரப்புவதா என்று ஒவ்வொரு முறையும் கைவசம் உள்ள சில புள்ளிகளைப் பங்கிடவேண்டும். இதைவிட நான் வியப்பது 'எசென்ஸ்' என்ற கணக்கை. உயிர்ச்சாரம் என்று கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் அது 6. இயந்திரக் கண்ணோ இரும்புக் கையோ பொருத்தினால் அது குறையும். குறையக் குறைய ஒருமுறை ஏவிய மந்திரத்தை மறுபடி ஏவ அதிக நேரம் காத்திருக்கவேண்டும். இயந்திரத்திடம் உடலைக் கொடுத்தவன் எதை இழக்கிறான் என்று பல நாவல்கள் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கின்றன. இங்கே அந்தக் கேள்வி நம் கையில் ஒரு செலவுக் கணக்காக வந்து விழுகிறது. நாமே கையெழுத்துப் போடவேண்டும்.

பேச்சுக்கும் இங்கே ஆயுதத்துக்குள்ள மதிப்பு உண்டு. ஆளைக் கவரும் திறனை வளர்த்தால், நிறுவன அதிகாரிகளிடமோ காவலர்களிடமோ தெருக் கும்பல்களிடமோ அவரவர் தோரணையில் பேசும் பழக்கம் கைவரும். பூட்டிய பல கதவுகள் அதனால் திறக்கும். ஆட்டத்தில் நாம் ஏற்கும் வேலைகளில் ஒன்றில், நிறுவனக் கட்டடம் ஒன்றில் நுழைந்து அதன் ஃபெங் சுய் அமைப்பைக் குலைத்துவிட்டு வரவேண்டும். வாஸ்து பார்த்து வாசலை இடித்துக் கட்டும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நம்மோடு வரும் தோழர்களும் அதே கவனத்தோடு எழுதப்பட்டவர்கள். எலியைக் குலதெய்வமாகக் கொண்ட கோபெட், சுவர் நகரத்தில் வளர்ந்த இஸொபெல், டிரோனைப் பிரியாத ரஷ்யர் ராக்டர், சாமுராயாக இருந்து பிணந்தின்னியாக மாறிய பின்னும் மரியாதை தவறாத காய்ச்சு. இஸொபெலின் சுவர் நகரம் உண்மையான கவுலூன் சுவர் நகரத்தின் நிழல். அசல் ஊர் 1993-94இல் இடிக்கப்பட்டது. ஆட்டம் அதை மீண்டும் எழுப்பி, அங்கே அடைபட்டவர்களின் துயரத்தையே கதையின் மையமாக வைக்கிறது.

குறை உண்டு. கணினி வலைக்குள் இறங்கும் பகுதிகளில் காவல் நிரல்களின் கண்ணில் படாமல் நழுவுவதும் குறியீட்டுப் புதிர்களை அவிழ்ப்பதும் சீக்கிரம் சலிப்பூட்டுகின்றன. மற்ற பகுதிகளில் உள்ள நிதானமான அழகு அங்கே இல்லை.

ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸை 2018இல் பாரடாக்ஸ் நிறுவனம் வாங்கியது. 2024 தொடக்கத்தில் இரு நிறுவனங்களும் பிரிந்தன. ஆட்டங்களின் உரிமை பாரடாக்ஸிடமே நின்றது. வாசகர்கள் முன்பணம் கொடுத்துப் பெற்ற இந்த மூன்று ஆட்டங்களும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. சாதாரண மடிக்கணினியே போதும். ஆடப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ஒவ்வொரு வேலையும் முடிந்து குப்பத்துக்குத் திரும்பியதும் அடுத்த சண்டைக்கு ஓடாதீர்கள். கரையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுங்கள். ஆட்டத்தின் சிறந்த பகுதி அங்கேதான் நடக்கிறது.