எழுத்துக்கு ஓர் உஸ்தாத்

கதையும் கவிதையும் எழுதக் கற்பித்து மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் முதுகலைப் பட்டம் வழங்குகின்றன என்றால், நம் புலவர் பெருமக்களிற் பலர் நகைப்பர். அந்நகைப்புப் பொருந்தாது. அரபுக் கவி ஸுஹைரின் பாக்களை மனனஞ்செய்து பரப்பிய ராவியான அல்ஹுதைஆவே பின்னர்ப் பெருங்கவிஞரானார். நம் உமறுப்புலவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் பயின்றவர். கவிக்கும் ஆசான் உண்டு.

அமெரிக்கக் கோடார்டு கல்லூரி 1976இல் தொடங்கிய முறையில் மாணவர் தொழிலையும் குடும்பத்தையும் விட்டுவர வேண்டியதில்லை. அரையாண்டுக்கொருமுறை சில நாட்கள் கூடுவர். எஞ்சிய காலமெல்லாம் எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பித் திருத்தம் பெறுவர். (அக்கல்லூரி 2024இல் மூடப்பட்டது.) லாஸ் ஏஞ்சல்ஸில் அந்தியோக் பல்கலைக்கழகம் 1997இல் இம்முறையைக் கைக்கொண்டு, சமூக நீதியையே தன் குறிக்கோளாக அறிவித்தது. மடல்வழித் திருத்தம் நமக்குப் புதிதன்று. மிர்ஸா காலிப் தம் மாணாக்கர் ஹர்கோபால் தஃப்தாவுக்கு அவ்வாறே திருத்தி எழுதினார்; உருது உலகம் அதனை 'இஸ்லாஹ்' என்றது. கட்டணந்தான் இல்லை!

நாம் ஐயுறுவது 'சமூக உணர்வு' என்னும் பகுதியையே. கள்ளக்குறிச்சியிலிருந்து நோக்கினால் இவ்வையம் கூர்மையுறும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிற் கிடந்தது. மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தனர். 2024 ஜூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது பத்திரிகைகள் அம்மலையை நினைத்தன. அதுவும் சாராயம் காய்ச்சுமிடமாக! அம்மலையின் கதையை எழுதற்குரியவர் யார்? பத்து நாள் வகுப்பில் இரக்கம் பயின்றவரா?

ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளரிடையே சென்று கண்டு 'கரிப்பு மணிகள்' எழுதினார். வழக்கறிஞர் ச. பாலமுருகன் அதிரடிப்படையால் அல்லலுற்ற மலைமக்களின் வாய்மொழியைக் கேட்டறிந்து, 2004இல் 'சோளகர் தொட்டி'யைத் தந்தார். எழுத்துக்கெனப் பட்டம் பெறாமலே இருவரும் சாதித்தனர். ஆயினும் இருவரும் வெளியிலிருந்து சென்றவர்களே. கண்மணி குணசேகரனோ போக்குவரத்துக் கழகப் பணிமனையில் உழைத்துக்கொண்டே, தாம் பிறந்த நடுநாட்டின் பேச்சை நாவலாக்கினார். அதற்கு அகராதியும் கண்டார். அவரைப் போன்றோர்க்கே அம்மேனாட்டு முறை பொருந்தும். சமூக உணர்வை அவர்க்குப் புகட்ட வேண்டுவதில்லை, திருத்தம் சொல்லும் துணையொன்றே வேண்டும்.

வெள்ளிமலையில் ஆசிரியப் பணியாற்றும் மலைமகள் ஒருத்தி ஈராண்டு சென்னையில் தங்கிப் பயில இயலாது. திங்கள்தோறும் தன் எழுத்தை அனுப்ப இயலும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் படைப்பெழுத்துக்கு ஆங்கிலத்தில் பட்டயப் படிப்பு அமைத்தது. அவளுக்கு வேண்டுவது தமிழில். அதிலும், அவள் மலைவழக்கை அறிந்த அல்லது அறிய முற்படும் ஆசான். இலக்கணப்பிழை எது, மலைவழக்கு எது என்று பிரித்தறியாதார் கையிலிருந்து, அவளுடைய பாட்டியின் சொற்களெல்லாம் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு முதல் தாள் திரும்புமாயின், அவள் இரண்டாவது தாளை அனுப்பமாட்டாள்.