ஜானுவின் குரல் யாருக்கு?

சி. பிரேம்குமாரின் '96' (2018) பழைய காதலைப் பற்றிய படம் என்பார்கள். பாட்டுக் கேட்பவனுக்கும் பாடுகிறவளுக்கும் இடையிலான படம் என்றால் இன்னும் பொருந்தும். எஸ். ஜானகியின் பெயரைச் சுமந்த ஜானகி தேவி, தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் பாடுகிறாள். 'தளபதி'யின் 'யமுனை ஆற்றிலே' வேண்டும் என்று ராம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதை மட்டும் அவள் பாடுவதில்லை. அந்த மறுப்பு அவளுடைய சொத்து. 22 ஆண்டுகள் கழித்து, அவனுடைய வீட்டில் மின்சாரம் போன இருட்டில், அதையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். படம் அதை நிறைவு என்கிறது. அவள் யாரிடம் எந்தப் பாட்டைக் கேட்பாள் என்று படம் யோசிப்பதில்லை.

படத்தின் குறும்பெல்லாம் ஜானுவிடம்தான் இருக்கிறது. ராமின் மாணவிகள் அவளை அவன் மனைவி என்று நினைக்கும்போது, நடக்காத கதையை நடந்ததுபோலச் சொல்கிறாள். கல்லூரிக்கு அவன் தேடி வந்த நாளைத் திருத்தி எழுதுகிறாள். கதை அவள் கைக்கு வரும் இடம் அது ஒன்றுதான். அதுவும் பொய்க்கதை.

காத்திருத்தல் முல்லைத் தலைவிக்கு ஒழுக்கம். அவளுக்கு யாரும் கைதட்டுவதில்லை. ராம் காத்திருந்தால் அரங்கமே உருகுகிறது. ஜானுவின் நினைவுப் பொருள்களை அவன் பெட்டியில் பூட்டி வைக்கிறான். அரியலூரிலோ பெரம்பலூரிலோ மணமான ஒரு பெண் அப்படியொரு பெட்டியைப் பரணில் வைத்திருக்க முடியுமா? கல்யாணத்துக்கு முன்பே ஆட்டோகிராப் நோட்டு அடுப்புக்குப் போய்விடும். முன்னாள் மாணவர் சந்திப்புக்கு அவள் வந்தாலும் கடைசிப் பேருந்துக்கு முன் கிளம்பியாக வேண்டும். சேரனின் 'ஆட்டோகிராப்' (2004) நாயகன் கல்யாணப் பத்திரிகையோடு பழைய காதலிகளின் வாசலில் போய் நிற்கலாம். அவர்களில் ஒருத்தி அப்படி அவன் வாசலுக்கு வந்து நிற்பதை நம்மால் கற்பனை செய்ய முடிகிறதா?

திரைக்கு வெளியிலும் இந்தக் கதை தொடர்ந்தது. த்ரிஷாவின் ஜானுவுக்காகப் பேசியவரும் பாடியவரும் சின்மயி. படம் வெளியான அதே அக்டோபரில் அவர் திரையுலகின் பாலியல் அத்துமீறல்கள் குறித்துத் தன் புகாரை வெளிப்படையாகச் சொன்னார். நவம்பரில் டப்பிங் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 2023இல் 'லியோ'வில் த்ரிஷாவுக்கு மறுபடி அவர் குரல் ஒலித்தது. இடையில் ஐந்து ஆண்டுகள்.

அந்த ஐந்து ஆண்டுகளும் ஜானுவின் பாட்டு நம் கைப்பேசிகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் விரும்பிய பாட்டைப் பாடிய குரலைக் கொண்டாடினோம். அதே குரல் தன் சொல்லைச் சொன்னபோது நம்மில் எத்தனை பேர் செவிகொடுத்தோம்? பாட்டை ரசிப்பது எளிது. பாடுகிறவள் பேசும்போதும் உட்கார்ந்து கேட்கிறவரைத்தான் ரசிகர் என்று சொல்ல வேண்டும்.