ஒகேனக்கல் மீன்குழம்பும் வேன் அடுப்பும்

ஒகேனக்கல்லில் மீன் வாங்கி வேனிலேயே சமைக்கக் கிளம்புபவர்களுக்கு ஒரு அறிவுரை தவறாமல் கிடைக்கும்: "இண்டக்‌ஷன் வாங்குங்க, 85% வெப்பம் பாத்திரத்துக்கே போகுது." சதவீதம் சரி, முடிவு தப்பு.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 1.2 யூனிட்தான். ஒரு கிலோ எல்பிஜியில் கிட்டத்தட்ட 12.7 யூனிட். பாதி வீணானாலும் ஐந்து பேட்டரிக்கு மேல். 1,800 வாட் அடுப்பு அந்தப் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதுக்குத் தடிமனான கேபிள் வேணும். மண்சட்டியோ இண்டக்‌ஷனில் சூடே ஆகாது.

அதுக்காக கேஸ் பத்திரம்னு அர்த்தமில்லை. எல்பிஜி காற்றைவிடக் கனம்; கசிந்தால் வேன் தரையில் தேங்கும். நாம படுப்பதும் அங்கேதான். மூடிய வேனில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வேற.

ஆகவே கேஸ் அடுப்புதான், ஆனா வேனுக்கு வெளியே. ராத்திரி சிலிண்டரும் வெளியே தூங்கட்டும்.