பீடத்தை நோக்கியா, மக்களை நோக்கியா?

சமண வியாபாரிக்குக் கத்தோலிக்கப் பூசையில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கொழிஞ்சாம்பாறையில் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு சபையாரும் வாடிக்கைக்காரர்கள்: தமிழில் பூசை காணும் லத்தீன் கத்தோலிக்கர், மலையாளத்தில் குர்பானா காணும் சீரோ மலபார் சபையார். பின்னவர்களின் வழக்கு என் கல்லாப்பெட்டி வரை வந்துவிட்டது.

குருவானவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதே வழக்கு. 1962-ல் சுரியானி மொழியோடு மலையாளமும் குர்பானாவில் ஏறியது. பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காற்றில் சில மறைமாவட்டங்கள் மக்களை நோக்கித் திரும்பின, சில திரும்பவில்லை. 1999-ல் ஆயர்கள் நடுவழி கண்டார்கள்: வாசகப் பகுதி மக்களை நோக்கி, பலிப் பகுதி பீடத்தை நோக்கி, நற்கருணை வழங்கியபின் மறுபடி மக்களை நோக்கி. எர்ணாகுளம்–அங்கமாலி குருக்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2021 நவம்பரில் அதைக் கட்டாயமாக்கினார்கள். 2022 டிசம்பரில் எர்ணாகுளம் பசிலிக்காவில் பீடத்தருகிலேயே கைகலப்பு. 2025 ஜூலையில்தான், ஞாயிறுதோறும் ஒரு குர்பானாவாவது அம்முறையில் என்று சமரசம் ஆயிற்று.

இதைப் பழமைக்கும் புதுமைக்கும் நடக்கும் போர் என்று எழுதுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. பாதி இப்படி, பாதி அப்படி என்னும் முறையில் பழமை எங்கே? 2021 ஜூலை 3-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அம்முறையை ஏற்கச் சொல்லி எழுதினார். பதின்மூன்றே நாளில், குரு பீடத்தை நோக்கியே நிற்கும் பழைய லத்தீன் பூசைக்குக் கடிவாளம் போட்டார். இரண்டிலும் அவர் கேட்டது திசையை அல்ல, ஒற்றுமையை. நல்ல சரக்குதான், ஆனால் கெடு வைத்து வசூலிக்கிற சரக்கா அது?

எங்கள் ஆகமத்தில் சமவசரணம் என்று ஒன்று உண்டு. தீர்த்தங்கரர் அமர்ந்தால் நாலு திசையாருக்கும் அவர் முகமே தெரியும். அவர் ஒலி அவரவர் மொழியில் கேட்கும். (எங்கள் மந்திரம் பிராகிருதம், அர்த்தம் பாதிப்பேருக்குத் தெரியாது. பிறரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.)

லத்தீன் சபைப் பாட்டி ஒருவரிடம் கேட்டேன். "அப்பெல்லாம் சாமியார் முதுகைத்தான் பாத்தோம் மொதலாளி. மணி அடிச்சா தலை குனிவோம், மத்த நேரம் ஜெபமாலை உருட்டுவோம். தமிழ் வந்த பொறவுதான் அவரு நமக்காகத்தான் பேசுறாருன்னு தெரிஞ்சுது" என்றார்.

பேரனும் கூடப் பாடுவானா என்றேன். பையன் மலையாளப் பள்ளிக்கூடம்; தமிழ் எழுத்தே தெரியாதாம். பாட்டுப் புத்தகத்தைப் பாட்டி எழுத்துக்கூட்டிச் சொல்ல, அவன் மலையாளத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறான்.